பெடல் ஸ்டீல் ஆம்ப்: காதில் விழும் கோளாறிலிருந்து குமிழ் வரை

ஆம்பில் கை வைப்பதற்கு முன்னால் காலைப் பாருங்கள். பெடல் ஸ்டீல் என்பது உட்கார்ந்து வாசிக்கும், படுக்கையாக நிற்கும் கிட்டார். தந்தி மேல் பார் என்ற உலோக உருளையை நகர்த்தி வாசிப்போம், சுருதியை மாற்றப் பெடல்களும் முழங்கால் நெம்புகோல்களும் உண்டு. சத்தத்தைக் காலால் கூட்டிக் குறைக்கும் வால்யூம் பெடல் தனி, இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் பெடல் என்றால் அதுதான். வால்யூம் பெடலை முழுக்க அமுக்கிக்கொண்டு பாஸ் (அடி), மிட் (நடு), ட்ரெபிள் (உச்சி) குமிழ்கள் எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்துத் திருகுகிறோம். வாசிக்க உட்கார்ந்ததும் கால் தானாகப் பாதிக்கு வந்துவிடுகிறது. சரிசெய்தது ஒரு நாதம், வாசிப்பது வேறொரு நாதம். டோன் சரியில்லை என்று நான் பட்ட அவதிகளில் பெரும்பகுதி இந்த ஒரு தவறில்தான் தொடங்கியது.

ஆகவே கீழே சொல்லியிருக்கும் எதைச் செய்தாலும் கால் வழக்கமான இடத்தில், ஏறக்குறைய பாதியில், இருக்கட்டும். சத்தம் மேடையில் வைக்கிற அளவில் இருக்கட்டும். குமிழைத் திருகக் குனிந்தபடியே கேட்டு முடிவு செய்யாதீர்கள். திருகுங்கள், நிமிர்ந்து உட்காருங்கள், வாசியுங்கள், அப்புறம் முடிவு செய்யுங்கள். ஒரு நேரத்தில் ஒரு குமிழ்தான்.

எங்கிருந்து தொடங்குவது

உங்கள் ஆம்ப் எந்த வகை என்று முதலில் தெரிய வேண்டும். ஏனென்றால் "நடுவில் வை" என்பதற்கு இரண்டு வகையிலும் ஒரே அர்த்தம் இல்லை.

ஃபெண்டர் ட்வின் ரிவர்பும் அதன் உறவுக்கார வால்வ் ஆம்ப்களும் ஒரு வகை. இவற்றின் டோன் குமிழ்களுக்குக் குறைக்க மட்டும்தான் தெரியும், கூட்டத் தெரியாது. மூன்றையும் பூஜ்யத்தில் வைத்தால் சத்தமே அநேகமாக நின்றுவிடும். மூன்றையும் 5-இல் வைத்தால் சமமாக இருக்கும் என்று தோன்றும். அப்போதும் 400, 500 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்யும். உண்மையிலேயே சமதளம் வேண்டுமென்றால் மிட்டை மேலே ஏற்றி, பாஸையும் ட்ரெபிளையும் நன்றாகக் கீழே இறக்க வேண்டும். போதாக்குறைக்கு மூன்றும் ஒன்றோடொன்று பிணைந்தவை. ட்ரெபிளைத் தொட்டால் மிட்டும் அசையும்.

ஸ்டீல் வாசிப்பவர்களை மனதில் வைத்தே செய்த பீவி செஷன் 400, நாஷ்வில் 400 போன்ற டிரான்சிஸ்டர் ஆம்ப்கள் இன்னொரு வகை. நாஷ்வில் 400-இல் குமிழ் நடுவில் நின்றால் அது எதையும் செய்யவில்லை என்று பொருள். வலப்பக்கம் திருகினால் கூட்டும், இடப்பக்கம் திருகினால் குறைக்கும். அதோடு மிட்டுக்குப் பக்கத்தில் ஷிஃப்ட் என்று ஒரு குமிழ் உண்டு. எவ்வளவு கூட்டுவது அல்லது குறைப்பது என்பதை மிட் சொல்லும். எந்த அதிர்வெண்ணில் என்பதை ஷிஃப்ட் சொல்லும். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு குமிழைத்தான் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால், அது ஷிஃப்ட்டாக இருக்கட்டும்.

நான் தொடங்கும் இடம் இது. முதல் வகையில் பிரைட் ஸ்விட்ச் அணைந்திருக்கும், ட்ரெபிள் 5, மிட் 5, பாஸ் 3. இரண்டாம் வகையில் எல்லாம் நடுவில். ரிவர்ப் (எதிரொலி) இரண்டிலும் பூஜ்யம். ரிவர்பை வைத்துக்கொண்டு டோனைச் சரிசெய்வது மஞ்சள் விளக்கில் துணிக்கு நிறம் பார்ப்பது மாதிரி.

மூக்கால் பாடுகிறது

ஜலதோஷம் பிடித்தவர் பாடுவது போல, அல்லது தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது போல ஒரு அடைப்பு. ஸ்டீலுக்கு இது கூடப் பிறந்த வியாதி. தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக மாற்றும் கம்பிச் சுருள்தான் பிக்கப். சாதாரண கிட்டாரின் ஒற்றைச் சுருள் பிக்கப் 6, 7 கிலோ ஓம் காட்டும். ஸ்டீலின் ஒற்றைச் சுருள் பிக்கப் 17, 18 கிலோ ஓம் வரை சுற்றப்படுவது சகஜம். சுற்று கூடக்கூட சத்தம் கூடும், நடுப்பகுதி தூக்கும், உச்சி மழுங்கும்.

ஷிஃப்ட் உள்ள ஆம்பில் இதைத் தேடிப் பிடிக்கும் முறை கொஞ்சம் கொடூரமானது, ஆனால் தவறாது. முதலில் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். மிட்டை வலப்பக்கம் கடைசி வரை திருகுங்கள். ஆமாம், கூட்டத்தான் சொல்கிறேன். இப்போது 3-ஆம் ஃப்ரெட்டில் (தந்திகளுக்கு அடியில் குறித்திருக்கும் மூன்றாம் கோட்டில்) பாரை வைத்து 3, 4, 5-ஆம் தந்திகளைச் சேர்த்து மீட்டுங்கள். ஒலி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஷிஃப்ட்டை இடக்கோடியிலிருந்து மெதுவாக வலப்பக்கம் நகர்த்துங்கள். முதலில் பானைக்குள் பேசுவது போல இருக்கும். அப்புறம் கொஞ்சம் கதகதப்பாக, பரவாயில்லை என்று தோன்றும் ஒரு பகுதி வரும். அதைத் தாண்டியதும் திடீரென்று முகத்தைச் சுளிக்க வைக்கும் ஓர் இடம், வாத்து கத்துவது போல. இன்னும் போனால் அது குறைந்து, வேறு விதமாகக் காதைக் கீறும். அந்த வாத்து இருக்கும் இடத்துக்கே திரும்பி வாருங்கள். முன்னும் பின்னும் நூல் அளவு அசைத்து, மிக அசிங்கமாக ஒலிக்கும் புள்ளியில் ஷிஃப்ட்டை நிறுத்திவிட்டுக் கையை எடுங்கள்.

இப்போது மிட்டை நடு வழியாகக் கடந்து இடப்பக்கம் கொண்டு வாருங்கள். அடைப்பு திறப்பது காதில் விழும். பத்து மணி முள் இருக்கும் இடத்தில் ஒரு முறை, ஒன்பதில் ஒரு முறை கேளுங்கள். சத்தத்தைப் பழையபடி ஏற்றிக்கொண்டு மறுபடி கேளுங்கள். பெரும்பாலான ஸ்டீல்களில் ஷிஃப்ட் 800 ஹெர்ட்ஸ் பக்கத்தில் வந்து நிற்கும். அனுபவசாலிகள் பலர் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற இடமும் அதுதான். ஆனாலும் ஒரு முறை தேடிப் பாருங்கள். உங்கள் பிக்கப்புக்கு அது 700 ஆகவும் இருக்கலாம், 900 ஆகவும் இருக்கலாம்.

இங்கே ஒரு கண்ணி உண்டு. ஸ்டீலின் வழக்கமான சுருதி அமைப்பான ஈ9-இல் 3-ஆம் தந்தி திறந்த நிலையில் சுமார் 415 ஹெர்ட்ஸ். 12-ஆம் ஃப்ரெட்டில் அது இரட்டிப்பாகி 830 ஆகிறது. நீங்கள் வெட்டி எறிந்த இடமும் கிட்டத்தட்ட அதே. கீழ் ஃப்ரெட்களில் வாத்தை விரட்டிய அந்த வெட்டு, மேல் ஃப்ரெட்டுக்குப் போனதும் சுரத்தின் அடித்தொனியையே தின்றுவிடும். "கீழே அருமையாக இருக்கிறது, மேலே போனால் ஊசி மாதிரி ஆகிறது" என்று சொல்பவர் ட்ரெபிளைக் குறைக்கப் போவார். அதைத் தொட வேண்டாம். மிட் வெட்டைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் போதும். அதனால் 3-ஆம் ஃப்ரெட்டிலும் 12-லும் 15-லும் வாசித்துப் பார்க்காமல் மிட் வேலை முடிந்ததாக நினைக்காதீர்கள்.

ட்வின் போன்ற ஆம்பில் ஷிஃப்ட் கிடையாது. மிட்டை 3-க்கு இறக்கலாம். ஆனால் அது இறக்குவது 800-ஐ அல்ல, அதற்குக் கீழே உள்ள சதைப்பற்றை. மூக்கடைப்போடு சேர்த்து உடம்பும் இளைத்துவிடும். அப்படி ஆனால் மிட்டைப் பழையபடி விட்டுவிட்டு, அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியாகக் கூட்டிக் குறைக்கும் ஈக்யூ பெடல் ஒன்றை, 800 பட்டை உள்ளதாக, முன்னால் போட்டு அந்த ஒன்றை மட்டும் இறக்குவது மேல்.

காதைக் குத்துகிறது

மேல் தந்திகள் கண்ணாடி உடைவது போல ஒலிக்கின்றன என்றால் முதல் சந்தேகம் ட்ரெபிள் மேல் அல்ல, பிரைட் ஸ்விட்ச் மேல். பிரைட் என்பது வால்யூம் குமிழைச் சுற்றிக்கொண்டு போக உச்ச அதிர்வெண்களுக்கு ஒரு குறுக்குவழி. குமிழ் கீழே இருக்கும்போது அந்தக் குறுக்குவழியின் பாதிப்பு அதிகம். வால்யூம் ஏற ஏறக் குறைந்து, முழுக்க ஏற்றினால் இல்லாமலே போய்விடும். ஆக, வீட்டில் மெல்ல வாசிக்கும்போது குத்துகிறது, சத்தம் ஏற்றினால் சரியாகிறது என்றால் குற்றவாளி அதுதான்.

இதற்கு நேர் எதிராகவும் ஒன்று உண்டு. வீட்டில் பட்டுப் போல இருந்தது மேடையில் குத்துகிறது, அடியில் வேறு உறுமுகிறது. இதில் ஆம்ப் நிரபராதி, காதுதான் ஆளை ஏமாற்றுகிறது. சத்தம் குறைவாக இருக்கும்போது மனிதக் காது அடியையும் உச்சியையும் குறைவாகக் கேட்கும். ஃப்ளெட்சரும் மன்சனும் 1933-இலேயே இதை வரைபடமாகப் போட்டுக் காட்டிவிட்டார்கள். மெல்ல வாசிக்கும்போது குறைகிறதே என்று பாஸையும் ட்ரெபிளையும் ஏற்றி வைக்கிறோம். சத்தம் கூடியதும் காது தன் பங்கைத் தானே கூட்டிக்கொள்கிறது, இரண்டும் சேர்ந்து தாங்காமல் போகிறது. வீட்டு அமைப்பு ஒன்று, மேடை அமைப்பு ஒன்று என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். மேடையில் இரண்டு குமிழும் வீட்டில் இருப்பதைவிடக் கீழேதான் இருக்கும்.

உங்களுக்கு இதமாக இருந்து, எதிரே இருப்பவர்கள் மட்டும் குத்துகிறது என்கிறார்களா? ஸ்பீக்கரின் முகத்தை யார் பார்க்கிறார்கள் என்று பாருங்கள். 2000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் 17 சென்டிமீட்டர்தான். 15 அங்குல ஸ்பீக்கரின் குறுக்களவு 38 சென்டிமீட்டர். அலை ஸ்பீக்கரைவிடச் சிறிதாகிவிட்டால் அது பரவாது, டார்ச் வெளிச்சம் போல நேராகப் பாயும். தரையில் வைத்த ஆம்ப் உங்கள் முழங்காலுக்கு ட்ரெபிளைக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. உங்கள் காதுக்கு வருவது மிச்சம் மீதி. போதவில்லை என்று நீங்கள் ஏற்றுகிறீர்கள், எதிர் வரிசையில் இருப்பவர் அனுபவிக்கிறார். ஆம்பைப் பின்னால் சாய்த்து, ஸ்பீக்கர் உங்கள் காதைப் பார்க்கும்படி வையுங்கள். ட்ரெபிளை நீங்களே குறைத்துவிடுவீர்கள்.

கையையும் ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள். பிக்கப்பை ஒட்டி மீட்டினால் எந்த ஆம்பிலும் மெலிந்துதான் ஒலிக்கும். மீட்டும் கையை இரண்டு விரற்கடை பாரின் பக்கம் நகர்த்தினால் வருகிற உருண்டைத் தன்மையை எந்தக் குமிழாலும் கொண்டு வர முடியாது.

மங்கலாக இருக்கிறது, கம்பளி போர்த்தியது போல

பெடலை முழுக்க அமுக்கினால் பளிச்சென்று இருக்கிறதா, பாதிக்கு வந்தால் மங்குகிறதா என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ஆம்பை விட்டுவிடுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ட்ரெபிளை ஏற்றுவேன், கால் முழுக்க அமுங்கும் இடங்களில் காது கிழியும். இறக்குவேன், மற்ற இடமெல்லாம் மூடிக்கொள்ளும். தந்தி மாற்றினேன், பிக்கப் உயரத்தை மாற்றினேன். ஒரு நாள் வசதிக்காக ஆம்பைப் பக்கத்தில் இழுத்து வைத்து, பெடலிலிருந்து ஒரு குட்டைக் கேபிள் போட்டேன். மங்கல் போயே போய்விட்டது.

காரணம் எளிது. பழைய பாணி வால்யூம் பெடலுக்குள் இருப்பது ஒரு 500 கிலோ ஓம் மாறுதடை, அவ்வளவுதான். அந்தத் தடை சரிபாதியாகப் பிரியும் இடத்தில் பெடல் நின்றால், அடுத்து வரும் கேபிளுக்கு அது சுமார் 125 கிலோ ஓம் தடையாகத் தெரியும். கேபிளுக்கோ மீட்டருக்கு ஏறத்தாழ 100 பிகோஃபாரட் மின்தேக்கம் இருக்கும். 5 மீட்டர் என்றால் 500. இரண்டையும் பெருக்கிக் கணக்குப் போட்டால் சுமார் 2500 ஹெர்ட்ஸுக்கு மேல் எல்லாம் சரிய ஆரம்பிக்கிறது. ஸ்டீலின் மினுமினுப்பு முழுக்க அங்கேதான் இருக்கிறது.

பெடலுக்கும் ஆம்புக்கும் நடுவே இருக்கும் கேபிளைக் குட்டையாக்குவது முதல் வழி, செலவில்லாததும்கூட. பிக்கப்புக்கும் பெடலுக்கும் நடுவே ஒரு பஃபர் (சிக்னலை வாங்கி வலுவாக்கி அனுப்பும் சிறு மின்சுற்று) போடுவது இரண்டாவது. இது பிக்கப்பின் சுமையைக் குறைக்கும், ஆனால் பெடலுக்குப் பின்னால் இருக்கும் நீளக் கேபிளின் தொல்லையைத் தீர்க்காது. உள்ளேயே மின்சுற்று உள்ள ஆக்டிவ் வால்யூம் பெடல் இரண்டையும் சேர்த்துத் தீர்க்கும். ஆம்பில் ப்ரீஆம்புக்கு (சிக்னலை முதலில் பெருக்கும் பகுதிக்கு) பிறகு வெளியே போய் உள்ளே வரும் ஜாக் இருந்தால் பெடலை அங்கேயும் போடலாம். அப்போது பிக்கப் நேராக ஆம்புக்குப் போகும், பெடலின் சுமை அதன் மேல் விழாது. ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: பெடல் பின்னால் போய்விட்டால் ப்ரீஆம்புக்கு எப்போதும் முழு வேகத்தில் சிக்னல் வரும், ப்ரீ கெயினைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

பெடல் எங்கே இருந்தாலும் மங்கலாகவே இருந்தால் தந்தி பழசு. சுற்றுத் தந்திகளைத்தான் முதலில் சந்தேகப்பட வேண்டும். மாற்றிவிட்டு மேலே படியுங்கள்.

அடி கொழகொழவென்று இருக்கிறது

ஆம்ப் எங்கே நிற்கிறது? தரையில், இரண்டு சுவர்கள் சேரும் மூலையில் என்றால் மூன்று பரப்புகள் சேர்ந்து பாஸை ஏற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு மீட்டர் முன்னால் இழுத்து, நாற்காலி உயரத்துக்கு ஏற்றுங்கள். பாஸ் குமிழை இரண்டு எண் இறக்கியதற்குச் சமமான வேலை அதிலேயே முடிந்துவிடும்.

அடுத்து, எந்தக் கழுத்து வாசிக்கிறீர்கள் என்பது. கழுத்து என்றால் ஒரு தந்தித் தொகுதி, இரட்டைக் கழுத்து ஸ்டீலில் ஒன்று ஈ9 சுருதியில், மற்றது சி6 சுருதியில் இருக்கும். ஈ9-இன் கடைசித் தந்தி சுமார் 123 ஹெர்ட்ஸ். 100-க்குக் கீழே அந்தக் கழுத்தில் இசை என்று எதுவும் கிடையாது. இருப்பதெல்லாம் பெடல் இடிக்கும் சத்தம், முழங்கால் நெம்புகோல் தட்டும் சத்தம், மேடைப் பலகையின் அதிர்வு. 80, 100 ஹெர்ட்ஸில் வெட்டும் வசதி இருந்தால் தயங்காமல் போடுங்கள், ஒரு சுரமும் குறையாது. சி6 கழுத்தில் இதே வேலையைச் செய்தால் கெட்டது கதை. அதன் கடைசித் தந்தி 65 ஹெர்ட்ஸ். இரட்டைக் கழுத்து வைத்திருப்பவர்கள் பாஸ் குமிழை சி6-க்குச் சரிசெய்துவிட்டு ஈ9-இல் வாசித்துப் பார்ப்பது நல்லது. மாற்றிச் செய்தால் சி6-க்கு வந்ததும் ஸ்பீக்கர் முக்கும்.

கார்டு மட்டும் கரகரக்கிறது

ஒற்றைச் சுரம் சுத்தமாக இருக்கிறது, மூன்று தந்தி சேர்ந்து கார்டானதும் அழுக்காகிறது. சிக்னலைப் பெருக்கும் ஏதோ ஒரு கட்டம் தாங்க முடியாமல் வழிகிறது என்பதற்கு இது நல்ல அடையாளம். ஒரு கட்டம் வழிந்தால் உள்ளே போகும் இரண்டு அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் சேர்ந்து வெளியே வரும். 4-ஆம் தந்தி 330, 3-ஆம் தந்தி 415. வித்தியாசம் 85 ஹெர்ட்ஸ். நீங்கள் மீட்டாத ஒரு உறுமல், அதுவும் எந்தச் சுரத்திலும் சேராமல், அடியில் ஓடும். கார்டின் மூன்றாம் சுரத்தைச் சமச் சுருதியிலிருந்து 14 சென்ட் (சென்ட் என்பது அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு) இறக்கிச் சேர்க்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு. அப்போது 3-ஆம் தந்தி 412-க்கு வந்து, வித்தியாசம் 82 ஆகி, அதே ஈ-யின் கீழ் ஸ்தாயியில் போய் ஒட்டிக்கொள்ளும். கரகரப்பு என்று நினைத்தது சுருதிப் பிசகாக இருப்பதும் உண்டு. டியூனரைப் போட்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

சுருதி சரி என்றால், ப்ரீ கெயினை இறக்கி அதே அளவு மாஸ்டரை (மொத்தச் சத்தத்தின் குமிழை) ஏற்றுங்கள். சுத்தமானால் வழிந்தது ப்ரீஆம்ப். மாறவே இல்லை, சத்தம் கூடினால்தான் வருகிறது என்றால் பவர் ஆம்போ ஸ்பீக்கரோ எல்லையைத் தொட்டுவிட்டது. சத்தம் எவ்வளவு குறைந்தாலும் வருகிறது என்றால் பிக்கப் தந்தியை ஒட்டி நிற்கிறதா என்று பாருங்கள். 3, 4 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கட்டும். பஃபர் போட்டிருந்தால் அதன் பேட்டரியையும் மாற்றிப் பாருங்கள்.

ஸ்டீலுக்கு ஏன் இத்தனை வாட் என்று கிட்டார் நண்பர்கள் கேலி செய்வார்கள். நாஷ்வில் 400 இருநூறு வாட்டுக்கு மேல் கொடுக்கும். அவர்கள் ஆம்ப் கரகரத்தால் அது அழகு, நமக்கு அது விபத்து. ஒலி தேயத் தேயக் காலால் ஏற்றுகிறோம். அடுத்த மீட்டுக்குள் கால் திரும்பி வரவில்லை என்றால் அந்த மீட்டு ஒரு 10 டெசிபல் கூடுதலாகப் பாயும். காதுக்கு அது இரண்டு மடங்கு சத்தம், ஆம்புக்கோ பத்து மடங்கு வாட். 8 வாட்டில் சுகமாக ஓடிக்கொண்டிருந்தது திடீரென்று 80 கேட்கும். 20 வாட் ஆம்பில் அது கிடைக்காது.

கார்வை நிற்கவில்லை

சுரம் சட்டென்று இறந்துவிடுகிறது என்றால் அநேகமாக நீங்கள் பெடலை முழுக்க அமுக்கியே மீட்டுகிறீர்கள். ஏற்ற இடமே மிச்சம் இல்லை. ஆம்ப் வால்யூமை ஏற்றுங்கள், பெடல் பாதியில் இருக்கும்போதே சத்தம் போதும் என்கிற அளவுக்கு. மீட்டும் கணத்தில் கால் பாதியில், அப்புறம் மெதுவாக அமுங்கட்டும். பாருக்கும் தந்திக்கும் நடுவே லேசான கிர்ரென்ற சத்தம் கேட்டால் பாரின் அழுத்தம் போதவில்லை. ஆம்பில் இதற்கு மருந்து கிடையாது.

தனியாக அருமை, குழுவில் காணாமல் போகிறது

அறையில் தனியாக உட்கார்ந்து மிட்டை அளவுக்கு மீறி வெட்டியதன் விளைவு இது. தனியாகக் கேட்கும்போது அகலமாக, சினிமாத்தனமாக இருக்கும். டிரம்ஸ் சிம்பல் மேலே வந்து உட்காரும், பாஸ் கிட்டார் கீழே வந்து உட்காரும், உங்களுக்கு மிஞ்சியது வெட்டிப் போட்ட பள்ளம். மிட்டைத் திருப்பிக் கொடுங்கள், பாஸைக் குறையுங்கள். தனியாகக் கேட்டால் கொஞ்சம் சப்பென்று தோன்றும் அமைப்புதான் குழுவில் நிற்கிறது. வால்யூமை ஏற்றிச் சமாளிப்பது கடைசி வழி. மற்றவர்களும் ஏற்றுவார்கள், அது எங்கே போய் முடியும் என்று எல்லோருக்கும் தெரியும்.

ரிவர்பும் இங்கே ஒரு பங்காளி. காதில் விழும் வரை ஏற்றி, விழாமல் போகும் வரை இறக்கி, இரண்டுக்கும் நடுவில் நிறுத்துங்கள். பெரிய கூடத்தில் அறையே எதிரொலிக்கும், ரிவர்பை அணைத்தே விடலாம். சத்தமாக வாசிக்கும்போது ரிவர்ப் அடியில் இடி போல உருண்டால், ஸ்பிரிங் பெட்டி பாஸைக் கேட்டுத் தானே அதிர்கிறது. ரிவர்பையும் பாஸையும் சேர்த்துக் குறையுங்கள்.

மேடையில் நன்றாக இருக்கிறது, அரங்க ஸ்பீக்கரில் தேனீ மாதிரி ரீங்கரிக்கிறது

மைக் ஸ்பீக்கரின் நட்டநடுவைப் பார்த்தால் விளிம்புப் பக்கம் நகர்த்தச் சொல்லுங்கள், நான்கு விரல் போதும். மைக் இல்லாமல் ஆம்பின் லைன் அவுட்டிலிருந்து நேராக எடுக்கிறார்கள் என்றால் அதுதான் காரணம். 15 அங்குல ஸ்பீக்கர் நான்கைந்து கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கொடுப்பது மிகக் குறைவு. ஸ்டீல் ஒலியின் இதம் என்று நாம் சொல்வதில் அந்த வடிகட்டலுக்கும் பங்கு உண்டு. நேராக எடுத்தால் வடிகட்டாத உச்சி அப்படியே போகும். மிக்ஸரில் 5 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இறக்கச் சொல்லுங்கள், அல்லது ஸ்பீக்கர் போல வடிகட்டும் பெட்டி ஒன்றை நடுவில் போடுங்கள்.

உம்மென்ற இரைச்சல்

இதில் யூகம் வேண்டாம், வரிசையாகப் போனால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆம்பிலிருந்து கேபிளைப் பிடுங்குங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் கோளாறு ஆம்புக்குள். குறிப்பாகப் பழைய வால்வ் ஆம்பில் பவர் பகுதியின் மின்தேக்கிகள் காய்ந்துபோயிருக்கலாம். நின்றுவிட்டால் கேபிளைத் திரும்பச் செருகி, வால்யூம் பெடலை முழுக்க மூடுங்கள். மூடியும் இரைந்தால் பெடலிலிருந்து ஆம்புக்கு வரும் கேபிள் அல்லது பெடலின் எர்த். மூடினால் அமைதி, திறந்தால் இரைச்சல் என்றால் ஸ்டீல் பக்கம் போங்கள். ஸ்டீலைக் கொஞ்சம் திருப்பி வைத்துப் பாருங்கள். திசைக்குத் திசை இரைச்சல் மாறினால் ஒற்றைச் சுருள் பிக்கப் பக்கத்திலிருக்கும் டிரான்ஸ்ஃபார்மரையோ டிம்மர் விளக்கையோ கேட்டுக்கொண்டிருக்கிறது. ஆம்பையே தள்ளி வைத்தால்கூடத் தீரும், ஏனென்றால் அதற்குள்ளும் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. இது அடிக்கடி வருகிற தொல்லை என்றால் இரண்டு சுருள்களால் இந்த இரைச்சலை அடக்கும் ஹம்பக்கிங் பிக்கப்தான் முழுத் தீர்வு. எந்தத் திசைக்குத் திருப்பினாலும் மாறாமல், தந்தியைத் தொட்டால் கூடுகிறது என்றால் ஸ்டீலின் உடம்புக்கும் ஜாக்குக்கும் நடுவே எங்கோ எர்த் கம்பி விட்டிருக்கிறது.

பெடலை அசைக்கும்போது மட்டும் கரகர என்றால் மாறுதடை தேய்ந்துவிட்டது. சுத்தம் செய்யும் ஸ்பிரே கொஞ்ச காலம் தாங்கும், அப்புறம் மாற்ற வேண்டியதுதான்.

இரைச்சலை நிறுத்தப் பிளக்கின் எர்த் பின்னை ஒடிப்பது, டேப் சுற்றி மறைப்பது ஆகிய இரண்டையும் செய்யவே செய்யாதீர்கள். ஒரு கை உலோகப் பாரில், இன்னொரு கை உலோகத் தந்தியில், கால் பெடலில் என்று உட்கார்ந்திருக்கும் ஆள் நீங்கள். வால்வ் ஆம்பின் பின்பலகையைத் திறக்க வேண்டிய கட்டம் வந்தால் அதை ரிப்பேர்க்காரரிடம் கொடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே நூற்றுக்கணக்கான வோல்ட் நின்றுகொண்டிருக்கும்.

நேற்று நன்றாக இருந்தது, இன்று இல்லை

குமிழ்களை நேற்றுப் படம் எடுத்து வைத்திருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியில் ஏற்றி இறக்கும்போது ஒரு குமிழாவது நகர்ந்திருக்கும், அல்லது யாராவது பிரைட்டைப் போட்டுவிட்டிருப்பார்கள். எல்லாம் அதே இடத்தில் இருக்கிறது என்றால் எதையும் தொடாமல் கால் மணி நேரம் எழுந்து போய்விட்டு வாருங்கள். மூன்று மணி நேரம் சிம்பல் பக்கத்தில் உட்கார்ந்த காது ட்ரெபிளை ஏற்றச் சொல்லத்தான் செய்யும்.